குளம் வரைந்த சுவர்: பாளையங்கோட்டைக் குழந்தை அறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு சுவரைப் பற்றியது. பாளையங்கோட்டையில் ஒரு தரைத்தள வீட்டின் பின்பக்க அறையில் இருக்கும் சுவர் அது. அகலம் 12 அடி, உயரம் 10 அடி. பிறந்த குழந்தைக்கென்று 2023 டிசம்பரில் அதில் ஒரு குளத்தையும் பறவைகளையும் வரைந்தேன். இரண்டே வாரத்தில் கீழ்ப்பகுதி பொருக்குப் பொருக்காக உரிந்தது. 2024 பிப்ரவரியில் வேறு முறையில் அதைத் திரும்பச் செய்தேன். குழந்தை அறைக்குச் சுவர் ஓவியம் கேட்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள், வரைய வரும் இளைஞர்களும் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கட்டும் என்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

நான் விளம்பரப் பலகை எழுதிக் கை பழகியவன். ஃபிளெக்ஸ் பேனர் வந்து பலகை எழுத்தை ஒழித்த பிறகு பள்ளிச் சுவர், அங்கன்வாடிச் சுவர், திருமண மண்டபம் என்று கிடைத்த சுவரில் எல்லாம் வரைந்தேன். வீட்டுக்குள் குழந்தைக்கென வரைவது கடந்த ஏழெட்டு ஆண்டுகளாகத்தான்.

வேலை வந்த விதம்

2023 ஆகஸ்டில் அந்த வீட்டுத் தம்பி என்னை அழைத்திருந்தார். மனைவிக்கு ஏழாம் மாதம் முடிந்து வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். அறையைக் காட்டினார்கள். கைப்பேசியில் சில கார்ட்டூன் படங்களைக் காட்டி இவை வேண்டும் என்றார்கள். அளவெடுக்க டேப்பை விரித்தபோது அவருடைய அம்மா வாசலில் வந்து நின்றார். தெருவில் எல்லாரும் ஆச்சி என்றே அழைப்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன்.

"தம்பி, பிள்ளை பிறக்கும் முன்னே எங்கள் வீட்டில் தொட்டில் கயிறுகூட வாங்கி வைப்பதில்லை. சுவரில் படம் எழுதுவதாவது?" என்றார்.

மகனுக்குச் சங்கடம். "அண்ணாச்சி, நீங்கள் அளவெடுங்கள்" என்றார். நான் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். பிறக்கும் முன் எதையும் சேர்க்காத வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள் உண்டு. வாங்கி வைத்த தொட்டிலை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த வீடுகளை நான் அறிவேன். அந்த வழக்கம் எந்த வேதனையிலிருந்து பிறந்தது என்பது எனக்குப் புரியும். ஆச்சி விரும்பாத சுவரில் தூரிகை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தொழில் வேறொரு கணக்குக் கேட்கிறது. தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன் பெயிண்டே ஆனாலும் புதுப்பூச்சிலிருந்து வாசனையும் ஆவியும் சில வாரம் வந்துகொண்டிருக்கும். கைக்குழந்தை படுக்கும் அறை என்றால் பூச்சு முடிந்து ஒரு மாதமாவது ஜன்னலைத் திறந்து போட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்வேன். பிறப்பதற்கு முன் வரையக் கூடாது, பிறந்த பின் புதுப்பூச்சோடு படுக்கவைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே நாள் எங்கே இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்த நாள் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். தாயும் பிள்ளையும் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புகுந்த வீட்டுக்கு வருவார்கள். அதுவரை இந்த அறையில் யாரும் படுக்கப்போவதில்லை. மறுநாள் தொலைபேசியில் ஆச்சியிடமே பேசினேன். பிள்ளை பிறந்து முப்பது கழியட்டும், அப்புறம் வந்து தொடங்குகிறேன் என்றேன். "அப்படிச் சொல்லுங்கள் தம்பி" என்றார். அன்றைக்கு அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்ட பிறகு, இந்த வேலையைக் குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அக்டோபர் இரண்டாம் வாரம் மூலைக்கரைப்பட்டியில் தாய் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. நவம்பர் கடைசியில் என்னை அழைத்தார்கள். மூன்றாம் மாதம் நிறைவது மார்கழியில். மார்கழியில் அழைத்துவர மாட்டார்கள் என்பதால் தை பிறந்ததும் வருவதாக ஏற்பாடு. டிசம்பர் பாதிக்குள் முடித்தால் ஒரு மாதம் காற்றாட விடலாம்.

என்ன வரைவது

மூலைக்கரைப்பட்டி என்றதும் எனக்குக் கூந்தன்குளம் நினைவுக்கு வந்தது. பக்கத்து ஊர். நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் அந்தப் பறவைகள் சரணாலயத்தைத் தமிழறிந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்தோடு நிற்பதில்லை. ஊருக்குள், வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் தலையில் விழுந்தாலும் ஊரார் விரட்டுவதில்லை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்ப்பார்கள். மழை பெய்து குளம் நிறைந்தால் வரும், குளம் வற்றினால் போகும். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து இறங்குகிறது.

குழந்தை அந்தப் பறவைகள் பறக்கும் வானத்துக்குக் கீழே பிறந்திருக்கிறது, அதன் அம்மா அவற்றைப் பார்த்து வளர்ந்திருக்கிறார். அப்படியிருக்க, எந்த ஊர் அறையிலும் இருக்கக்கூடிய கார்ட்டூன் எதற்கு? அதே பொம்மை முகம் போர்வையிலும் பால் புட்டியிலும் சட்டையிலும் வரத்தான் போகிறது. இதைச் சொல்லி இரண்டு பென்சில் படங்களைத் தாயின் கைப்பேசிக்கு அனுப்பினேன். "அண்ணாச்சி, கூழைக்கடாவுக்குத் தாடைப் பை இன்னும் தொங்கும்" என்று திருத்தம் வந்தது. வேலை அங்கேயே முடிவாகிவிட்டது.

குளத்தை எந்த உயரத்தில் வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. என் தொழிலில் மிகப் பரவலான தவறு இங்கேதான் நடக்கிறது. நாம் நின்றுகொண்டு வரைகிறோம். கண் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்தில் படத்தின் சிறப்பான இடத்தை வைக்கிறோம். வாசலில் நின்று எடுக்கும் புகைப்படத்தில் அழகாக வருகிறது. குழந்தை நிற்பதில்லை. படுத்திருக்கிறது.

வீட்டில் இருந்த பத்தமடைப் பாயை வாங்கி, குழந்தையைப் படுக்கப்போடும் இடத்தை ஆச்சியிடம் கேட்டு, அங்கே விரித்து நானே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். சுவரிலிருந்து ஐந்தடி. முதலில் கண்ணில் பட்டது சுவரே அல்ல, அதன் உச்சியில் எரிந்த டியூப்லைட். குழந்தைக்கு அந்த வெளிச்சம் கண்ணில் அடிக்கும், கீழே எது வரைந்தாலும் தெரியாது. விளக்கைப் பக்கச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். பிறகு கிழக்கு ஜன்னல். காலை வெயில் சுவரில் சாய்வாக விழுகிறது. பளபளப்பான பூச்சு போட்டால் படுத்த நிலையிலிருந்து பார்க்கும்போது பாதிச் சுவர் வெறும் மினுக்கமாகிவிடும். எனவே பளபளப்பில்லாத மேட் பூச்சு. அடுத்து, தொட்டில் கொக்கி. சேலைத் தொட்டிலை அந்த அறையில்தான் கட்டுவார்கள். சேலைத் தொட்டிலுக்குள் கிடக்கும் குழந்தைக்குச் சுவர் தெரியாது, இரண்டு பக்கமும் துணிதான். ஆனால் ஆட்டும்போது தொட்டில் சுவரை எவ்வளவு நெருங்கும் என்று கயிறு கட்டி அளந்து, அந்த உயரத்தில் பூச்சு உராயாமல் இருக்கக் கொக்கியை ஓர் அடி தள்ளிப் போடச் செய்தேன்.

படுத்த கண்ணுக்குச் சுவரின் மேல்பகுதி குறுகித் தெரியும். கோபுரத்து உச்சிச் சிற்பங்களை அண்ணாந்து பார்ப்பதுபோல்தான். அதனால் ஏழடிக்கு மேலே பறக்கும் பறவைகளின் உயரத்தை எட்டில் ஒரு பங்கு நீட்டினேன். நின்று பார்ப்பவருக்குச் சற்று ஒல்லியாகத் தெரியும். பாயிலிருந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பலரும் குழந்தை அறைக்குக் கேட்கும் வெளிர் ரோஜா, வெளிர் நீலமெல்லாம் தொடக்க வாரங்களில் அதற்கு ஒரே மங்கலாகத்தான் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்புதான் கண்ணை இழுக்கும். நான்கு, ஐந்து மாதத்தில் நிறங்களை நன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடும். இந்தக் குழந்தை அறைக்கு வரும்போது மூன்று மாதம் கடந்திருக்கும் என்பதால் இரண்டுக்கும் இடம் வைத்தேன். நாரையின் இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை, அதன் வாலடியில் இளஞ்சிவப்பு, மூக்கில் மஞ்சள். இயற்கையே இந்தப் பறவையைச் சுவர் ஓவியத்துக்கென்று வரைந்து வைத்திருக்கிறது.

அப்புறம் நான் மிக ஆசையாகத் திட்டமிட்ட பகுதி. தரையிலிருந்து இரண்டரை அடி வரைக்கும் குளத்துத் தண்ணீருக்குள் நடப்பவை. நண்டு, நத்தை, தவளை, கெண்டை மீன், தாமரைத் தண்டுகளுக்கு இடையே ஒளியும் குரவை மீன். தவழத் தொடங்கும் குழந்தை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்படி சின்னச் சின்னதாக. பெரியவர்கள் குனிந்தால்தான் தெரியும். பத்து நாள் வேலையில் நான்கு நாள் இதற்கே செலவானது.

நிறமும் ஈயமும்

என் கொட்டகையில் பலகை எழுதிய காலத்து எனாமல் டப்பாக்கள் சில இன்னும் இருந்தன. நாரை மூக்குக்கு அந்தப் பழைய எனாமல் மஞ்சளைப்போல் எடுப்பான மஞ்சள் கிடைக்காது. அந்த மஞ்சளுக்கு அத்தனை அழுத்தம் தந்தது ஈயக் குரோமேட். குழந்தை சுவரைத் தொடும், தொட்ட விரலை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது, அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. நம் நாட்டில் 2016இல் வந்த விதியின்படி, வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கும்படி தயாரிக்கக் கூடாது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்திய டப்பாக்கள் வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கின்றன. மிச்சம் இருக்கிறதே என்று அவற்றை எடுத்துக் குழந்தை அறையில் பூசாதீர்கள். மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆபத்து புது டப்பாவைவிடப் பழைய பூச்சில்தான் அதிகம். வீடு 1980களில் கட்டியது. ஜன்னல் சட்டத்தில் பச்சை எனாமல் மூன்று நான்கு அடுக்கு இருந்தது. வழக்கம்போல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் அறை முழுக்கப் பரவும். உலர்ந்த தேய்ப்பே வேண்டாம் என்று முடிவு செய்து, ஈரத்துணியால் துடைத்து, உரியாத இடத்தின்மேல் புதுப்பூச்சு போட்டோம். சுவரில் எனாமல் இல்லை. சுண்ணாம்பும் அதன்மேல் டிஸ்டெம்பரும்தான். டிஸ்டெம்பரைச் சுரண்டி, சுவரைச் சமனாக்கும் மாவுக் கலவையான பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெள்ளை எமல்ஷன் இரண்டு கை, அதாவது இரண்டு அடுக்கு, ஓட்டினோம்.

பறவைகளின் உருவத்தைப் பழைய முறையில்தான் ஏற்றினேன். காகிதத்தில் முழு அளவில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, சுவரில் ஒட்டி, கரித்தூள் முடிச்சால் ஒற்றினால் புள்ளிப் புள்ளியாக உருவம் விழும். புரொஜெக்டர் வைத்தும் செய்யலாம், இன்றைய பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள், தவறில்லை. எனக்குக் காகிதம் இருந்தால் பாயில் படுத்துப் பார்த்துவிட்டுப் பறவையை இரண்டு அங்குலம் நகர்த்த முடியும்.

டிசம்பர் 15 அன்று முடித்தேன். ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

மழை

டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி நெல்லைச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. அந்த வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. கொல்லையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது, அவ்வளவுதான். மழை விட்ட பிறகு தம்பி அழைத்து, "அண்ணாச்சி, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். நானும் நிம்மதியாக இருந்தேன்.

வெயில் வந்து பத்து நாள் கழித்து மறுபடி அழைப்பு. போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து இரண்டேகால் அடி உயரம் வரை எமல்ஷன் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் தொட்டால் தோல்போல் உரிந்தது. அடியில் பட்டி, மாவாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நண்டு போயிருந்தது. தவளைக்குப் பாதி முகம்தான் மிச்சம். மேலே கூழைக்கடாவும் நாரைகளும் எதுவும் நடக்காததுபோல் நின்றுகொண்டிருந்தன.

மழையின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் தவறு என்னுடையது, அதைச் சொல்வதற்காகத்தான் இந்த ஆய்வையே எழுதுகிறேன். சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, இருக்கிறதா என்று பார்க்க நான் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிப் பார்ப்பது வழக்கம். சுவரில் ஈரம் இருந்தால் தாளின் உட்புறம் வியர்க்கும். டிசம்பர் தொடக்கத்தில் அதைச் செய்தேன். ஆனால் நின்றபடி கைக்கு வசதியான மார்பு உயரத்தில் ஒட்டினேன், ஓர் இரவு மட்டும் வைத்தேன். தாள் உலர்ந்திருந்தது. ஓதம் ஏறுவது தரையிலிருந்து. அரையடி உயரத்தில் ஒட்டியிருக்க வேண்டும். குழந்தையின் கண்ணுக்காகப் பாயில் படுத்துப் பார்த்தவன், சுவருக்காகக் குனிந்து பார்க்கவில்லை.

இன்னொன்று. சுவரின் மறுபக்கத்தை நான் போய்ப் பார்க்கவேயில்லை. அங்கே வாழையும் கனகாம்பரமும் வைத்து, ஆண்டாண்டாக மண் போட்டு, மண்மட்டம் அறையின் தரையைவிட முக்கால் அடி உயர்ந்திருந்தது. சுவரின் அடிப்பகுதி உண்மையில் மண்ணுக்குள் புதைந்திருந்தது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கலின் நுண்துளைகளில் தண்ணீர் ஏறும். ஏறும்போது மண்ணிலும் செங்கலிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். வெயில் வந்து ஈரம் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிப் பளிங்காக விரியும். சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் ஈரம் வெளியே போய்விடும், உப்பு மேலே தூளாக நிற்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். நான் எமல்ஷன் என்ற தோலைப் போர்த்தி வழியை அடைத்துவிட்டேன். அடைபட்ட ஈரம் தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. மழை பெய்த அன்று தெரியாமல் காய்ந்த பிறகு தெரிந்ததற்குக் காரணம் அதுதான். மழையே இல்லாவிட்டாலும் ஓரிரு ஆண்டில் இது நடந்திருக்கும், குழந்தை அந்தப் பொருக்கைப் பிய்த்து வாயில் போடும் வயதில். அதை நினைத்தால் இந்த மழைக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

தையில் வருவதாக இருந்த பிள்ளையை ஐந்தாம் மாதம், மாசியில் அழைத்துவரலாம் என்று ஆச்சி முடிவு செய்தார். பேசிய கூலி 22,000 ரூபாய். திரும்பச் செய்யும் செலவில் கொல்லை மண் வேலையை அவர்கள் ஏற்றார்கள். சுவர் வேலையை நான் ஏற்றேன்.

திரும்பச் செய்தது

முதல் வேலை சுவருக்கு வெளியே. கொல்லை மண்ணை ஒன்றரை அடி வெட்டி எடுத்து, அறைத் தரைக்குக் கீழே மட்டம் இறக்கி, சுவரை ஒட்டித் தண்ணீர் விலகி ஓடும்படி சரிவாகத் தளம் போட்டார்கள். வாழையைத் தள்ளி நட்டார்கள். கனகாம்பரத்தை ஆச்சி தொட்டிக்கு மாற்றினார்.

உள்ளே மூன்றரை அடி உயரம் வரை பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கலை வெறுமனே விட்டோம். மூன்று வாரம் மின்விசிறி ஓடியது. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டி அள்ளினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். பத்துப் பன்னிரண்டு முறை தட்டிய பிறகு பூப்பது குறைந்தது. பாலிதீன் தாளை இந்த முறை தரையை ஒட்டி, முழுதாக இரண்டு நாள் வைத்தேன்.

இதன்மேல் என்ன பூசுவது? நீர்புகாக் கலவை சேர்த்த சிமெண்ட் பூச்சு போடலாம் என்று பெயிண்ட் கடையிலும் சொன்னார்கள், தம்பியும் விரும்பினார். நான் சம்மதிக்கவில்லை. கீழே வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். இன்று இரண்டேகால் அடியில் நின்றது நாளை நாரையின் கழுத்துக்கு வரும். சிமெண்ட் பூச்சுக்கு மேல் பெயிண்ட் அடிக்க 28 நாள் ஆறவும் வேண்டும். கோயில் திருப்பணிகளில் வேலை பார்த்த வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். நீற்றிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, கடுக்காய் ஊறிய தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டிக் கரைசல். இரண்டு அடுக்காகப் பூசினார். மட்டப்பலகையை அவர் இழுத்த இழுப்பில் சுவர் வெண்ணெய்போல் வந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததே எனக்குப் பெரும் பேறு.

சுண்ணாம்புப் பூச்சின்மேல் எமல்ஷன் அடித்தால் பழைய தவறையே திரும்பச் செய்ததாகும். எனவே என் நண்டும் தவளையும் திரும்பி வர வழியில்லை. இரண்டு நாள் அந்த வெற்றுச் சுவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தவழும் குழந்தைக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த பகுதியையே இழக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் ஆச்சி காப்பி கொண்டு வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு, "போகிக்கு எங்கள் ஊர் வீட்டில் இப்படித்தான் இருக்கும் தம்பி. சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் போட்டு அடிப்போம்" என்றார்.

சலவை நீலம் சுண்ணாம்பின் காரத்துக்கு வெளுக்காது. பழைய வீடுகளின் அந்த வெளிர் நீலம் எனக்கும் சின்ன வயதிலிருந்து தெரிந்ததுதான். ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் குளம் எனக்குத் தெரிந்தது. மூன்றரை அடி வரை வெறும் சுண்ணாம்பு நீலம். அதுதான் தண்ணீர். நாரைகளின் கால்கள் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்துவிடும். எமல்ஷனும் சுண்ணாம்பும் சந்திக்கும் இடம் நேர்கோடாக இருந்தால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். அதைக் கோரையும் சேற்று மேடும் வளைந்து வளைந்து போகும் கரையாக்கினேன். ஓதம் ஏறிய உயர்ந்தபட்ச அளவுக்கு ஓர் அடிக்கு மேலேதான் கரை தொடங்குகிறது.

சுண்ணாம்பை மோர்ப்பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்து, நான்கு கை ஓட்டினோம். கெட்டியாக ஒரே கையில் அடித்தால் தொடும் விரலில் ஒட்டும், பொருக்காகும். மெல்லியதாகப் பல கை அடித்தால் இறுகும். ஈரச் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொசுக்கும், ஆகவே குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வேலையைச் செய்யவே கூடாது. காற்றைக் குடித்து இறுகிய பிறகு அது சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடுகிறது. அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். மாசிக் கடைசியில் பிள்ளை வந்தபோது சுவர் காய்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதத்துக்குப் பாயைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளியே போடுங்கள் என்று சொன்னேன்.

மஞ்சள் மூக்கு நாரையைக் குழந்தை எப்போது பார்த்தது என்று சொல்ல முடியவில்லை. சித்திரை மாதம் தாய் ஒரு சிறிய காணொளி அனுப்பினார். பாயில் கிடக்கும் குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு, இடப்பக்கம் இருக்கும் பெரிய கூழைக்கடாவையே பார்த்துச் சத்தம் போடுகிறது. தாடைப் பையைத் திருத்தச் சொன்னது எவ்வளவு நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தை

2024இன் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். தரையோரம் இரண்டு இடத்தில் உள்ளங்கை அளவுக்கு மெல்லிய வெள்ளைத் தூள். துடைப்பத்தால் தட்டினால் போய்விட்டது. கரைக்கு மேலே எமல்ஷனில் ஒரு கொப்புளம்கூட இல்லை. நாரையின் கழுத்தில் தொட்டில் கயிறு உராய்ந்த கோடு ஒன்று இருந்தது, தொட்டுச் சரிசெய்தேன்.

2025 பொங்கலுக்கு இரண்டு வாரம் முன் தாயும் பிள்ளையும் மூலைக்கரைப்பட்டிக்குப் போயிருந்த நாட்களில் குளத்துக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்தோம். ஒரு நாள் வேலைதான். கடைசிக் கையின் ஈரம் காயும் முன்னே ஆச்சி ஒரு கிண்ணத்தில் காவியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தார். "நீங்கள் வரைந்த மீன் போய்விட்டதே என்று எனக்கு அப்போதிருந்தே மனசில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கோலம் போட்டுப் பழகிய கையால் தண்ணீருக்குள் மீன்களைப் போட்டார். ஒரே இழுப்பில் ஒரு மீன், வாலுக்கு ஒரு சுழிப்பு. ஈரச் சுண்ணாம்பு காவியை உள்ளே இழுத்துக்கொண்டது. பதினொரு மீன்கள். நான் தொடவில்லை. மேலே இருக்கும் என் பறவைகளைவிட அவை உயிரோடு இருந்தன.

கடைசியாக ஆனி மாதம் போனபோது குழந்தைக்கு இருபது மாதம். என்னைக் கண்டதும் ஆச்சியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் எவர்சில்வர் தம்ளரை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போய், குளத்தில் ஒட்டி வைத்துக் கீழிருந்து மேலாக வழித்து, ஆச்சியிடம் குடிக்கக் கொடுத்தாள். ஒன்றரை அடி உயரத்தில் சுண்ணாம்பில் கீறல் கீறலாகப் பிறை வடிவத் தடங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல். பூசிவிடட்டுமா என்று கேட்டேன். தைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஆச்சி, தம்ளரை வாயில் வைத்துக் குடித்தபடி.